மின்வழிப் பாடம் அமைத்தல்: தொடக்கம் கற்பவரிடமிருந்தே

(மின்வழிப் பாடங்கள் அமைக்கும் பணியில் புதிதாக ஈடுபட்டுள்ள அலுவலர்களுக்கும் மாணவர்களுக்கும் திருவனந்தபுரம் பழவங்காடியில் நடைபெற்ற பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரை)



மின்வழிப் பாடம் ஒன்றை எவ்வாறு அமைப்பது என்பது பற்றித் தொடக்க நிலையினருக்குப் பயன்படும் வகையில் பேச வேண்டும் என்று என்னைப் பணித்திருக்கிறீர்கள். இத்துறையில் கருவிகளுக்குக் குறைவில்லை. ஒளிப்பதிவு செய்யவும், படம் வரையவும், வினாக்களைத் தொடுக்கவும் மென்பொருள்கள் பல உள்ளன. அவற்றை இயக்கச் சில வாரங்களில் கற்றுக்கொள்ளலாம். ஆனால் அவற்றைக் கற்றுக்கொண்டவுடன் பாடம் அமைக்கத் தெரிந்துவிட்டது என்று எண்ணிவிடுகிறோம். பெரும்பாலான பாடங்கள் பயனின்றிப் போவதற்கு இந்த எண்ணமே காரணம் என்பது என் கருத்து. பாடப் பொருளிலிருந்தோ கருவியிலிருந்தோ தொடங்காமல், கற்பவர் முடிவில் என்ன செய்ய வேண்டும் என்பதிலிருந்து தொடங்க வேண்டும் என்பதே இன்று நான் சொல்ல வந்த செய்தி.

இதனை விளக்க உதாரணம் தேடி நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. நாம் கூடியிருக்கும் பழவங்காடியில், கணபதி கோயில் முன் தேங்காய் உடைக்கும் ஒலி கேட்கும் தொலைவில், சாலைக் கடைத்தெரு தொடங்குகிறது. தமிழும் மலையாளமும் கலந்து ஒலிக்கும் தெரு அது. அங்கே பூ, பழம், காய்கறி விற்கும் சிறு வியாபாரிகளிடம் இன்று கைபேசி வழியாகப் பணம் வருகிறது. 2016ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த யு.பி.ஐ. முறை பெரிய கடைகளோடு நில்லாமல் கூடைக்காரர் வரை சென்றடைந்துவிட்டது. அதனோடு ஏமாற்றும் வந்தது. பணம் செலுத்தியதாக ஒரு ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டிவிட்டுச் செல்பவர் உண்டு. பணம் பெறுவதற்கு இரகசிய எண்ணை அழுத்துங்கள் என்று சொல்லி வியாபாரியின் கணக்கிலிருந்தே பணத்தை எடுப்பவரும் உண்டு. நாள் முழுதும் வெயிலில் நின்றவருக்கு அன்றைய முதலே போய்விடுகிறது. இவருக்காக ஒரு மின்வழிப் பாடம் அமைக்கும் பொறுப்பு நம்மிடம் தரப்பட்டது என்று வைத்துக்கொள்வோம். இந்த உரை முழுவதும் அந்த வியாபாரி நம்முடன் இருக்கட்டும்.

கடந்த காலம் கற்பித்தது

தொலைவிலிருந்து கற்பிக்கும் முயற்சி நம் நாட்டிற்குப் புதிதன்று. 1975 ஆகஸ்ட் முதல் 1976 ஜூலை வரை, அமெரிக்காவின் ஏ.டி.எஸ்.-6 செயற்கைக்கோளின் துணையோடு, ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 கிராமங்களுக்குக் கல்வித் தொலைக்காட்சி சென்றது. சைட் எனப்பட்ட அச்சோதனையில் ஆசிரியர் பயிற்சியும் ஒரு பகுதியாக இருந்தது. அப்பயிற்சியை அமைத்தவர்கள் தொலைக்காட்சியை மட்டும் நம்பவில்லை. வானொலி, அச்சிட்ட குறிப்புகள், ஆசிரியர்கள் தாமே செய்து பார்க்கும் செயல்கள் ஆகியவற்றையும் அதனோடு இணைத்தார்கள். திரையில் காண்பது மட்டுமே கற்றலாகாது என்பதை அவர்கள் அன்றே உணர்ந்திருந்தனர்.

அதே 1975ஆம் ஆண்டில், அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலப் பல்கலைக்கழகம் அந்நாட்டு இராணுவப் பயிற்சிக்காக ஒரு வழிமுறையை வகுத்தது. பகுப்பாய்வு, வடிவமைப்பு, உருவாக்கம், நடைமுறைப்படுத்தல், மதிப்பீடு என்று இன்று பாட வடிவமைப்பாளர் அனைவரும் கூறும் ஐந்து படிகளின் மூலம் அதுவே. இவ்வைந்தில் ஒளிப்பதிவும் மென்பொருளும் மூன்றாம் படியில்தான் வருகின்றன. முதல் இரண்டு படிகளுக்குத் தேவையானவை தாளும் பென்சிலும் பொறுமையுமே.

பின்னர் 1984 ஆகஸ்ட் 15 முதல் பல்கலைக்கழக மானியக் குழுவின் தொலைக்காட்சி வகுப்புகள் ஒளிபரப்பாயின. 2004 செப்டம்பரில் எடுசாட் செயற்கைக்கோள் ஏவப்பட்டது. 2005 ஜூலை 28 அன்று இந்தத் திருவனந்தபுரத்தில் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் அவர்கள் விக்டர்ஸ் கல்வி அலைவரிசையைத் தொடங்கி வைத்தார். அது தொடங்கிப் பதினைந்து ஆண்டுகளுக்குப் பின், நோய்த் தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டிருந்த வேளையில், 2020 ஜூன் 1 அன்று கேரளம் அதே அலைவரிசையில் ‘ஃபர்ஸ்ட் பெல்’ என்னும் வகுப்புகளை ஒளிபரப்பத் தொடங்கியது.

அந்த அனுபவத்தில் வடிவமைப்பாளர் கற்க வேண்டியவை மூன்று. முதலாவதாக, தொலைக்காட்சியோ இணையமோ இல்லாத மாணவர் ஏறத்தாழ 2.6 லட்சம் பேர் உள்ளனர் என்று கணக்கெடுப்பு காட்டியது. நூலகங்களிலும் அங்கன்வாடிகளிலும் பொதுப் படிப்பிடங்கள் அமைக்க வேண்டியதாயிற்று. இரண்டாவதாக, தொடக்க நாட்களின் ஒளிபரப்பு முன்னோட்டமாகவே கொள்ளப்பட்டு, அதே பாடங்கள் மீண்டும் ஒளிபரப்பப்பட்டன. மூன்றாவதாக, தமிழ் வழியிலும் கன்னட வழியிலும் பயில்வோர்க்குத் தனியே வகுப்புகள் ஆயத்தம் செய்யப்பட்டன. பாடம் எத்துணைச் சிறந்ததாயினும் அது கற்பவரைச் சென்றடைய வேண்டும். முதல் வடிவம் முடிவான வடிவமாகாது. கற்பவரின் மொழியே பாடத்தின் மொழியாக வேண்டும். இம்மூன்றும் பெரிய அரசுத் திட்டத்திற்கு மட்டுமன்றி, நாம் அமைக்கவிருக்கும் சிறு பாடத்திற்கும் பொருந்தும்.

பாடம் தேவைதானா?

பகுப்பாய்வில் முதற்கேள்வி, பாடம் வேண்டுமா என்பதே. பயிற்சித் துறையில் இருப்போர்க்கு இக்கேள்வி கசப்பானது; எனினும் அதனைத் தவிர்க்க இயலாது. ராபர்ட் மேகர், பீட்டர் பைப் என்னும் இருவர் 1970ஆம் ஆண்டில் எழுதிய நூலில் இதனை வலியுறுத்தினர். ஒருவர் ஒரு செயலைச் செய்யவில்லையெனில், அது அவருக்குத் தெரியாததாலா, அன்றி வேறு தடை இருப்பதாலா என்று முதலில் பார்க்க வேண்டும். தெரியாமையைப் பாடம் நீக்கும். ஏனைய தடைகளைப் பாடம் நீக்காது.

நம் வியாபாரியை எடுத்துக்கொள்வோம். பணம் வந்ததை உரக்கச் சொல்லும் சிறு ஒலிப்பெட்டி சில கடைகளில் உள்ளது. அது இருக்குமிடத்தில், ஸ்கிரீன்ஷாட்டைக் கண்டு ஏமாறும் வாய்ப்பு வெகுவாகக் குறைகிறது. அங்கே அரைமணி நேரப் பாடத்தை விட அந்தப் பெட்டியே சிறந்தது. பெட்டி இல்லாதவருக்கும், பெட்டியால் தடுக்க முடியாத ஏமாற்றுக்கும் மட்டுமே பாடம் தேவைப்படுகிறது. இவ்வாறு பாடத்தின் எல்லையைச் சுருக்குவதே வடிவமைப்பாளரின் முதல் தொண்டு.

இங்கே என் சொந்த அனுபவம் ஒன்றைக் கூறுவது தவறாகாது. பல ஆண்டுகளுக்கு முன், ஓர் அலுவலகத்தின் எழுத்தர்கள் மனுக்களைக் கணினியில் பதிவு செய்வதற்கென ஒரு மின்வழிப் பாடம் அமைத்தேன். 42 திரைகள். விதிகளின் வரலாறு, சட்டப் பிரிவுகள், திட்டத்தின் நோக்கம் என அனைத்தும் அதில் இருந்தன. இறுதித் தேர்வில் எல்லோரும் தேறினார்கள். எனக்கும் மகிழ்ச்சி. ஒரு மாதம் கழித்து அங்கே சென்றபோது, ஒவ்வொரு கணினியின் ஓரத்திலும் ஒரு துண்டுத் தாள் ஒட்டப்பட்டிருப்பதைக் கண்டேன். மூத்த எழுத்தர் ஒருவர் எந்தப் பொத்தானுக்குப் பின் எந்தப் பொத்தான் என்று ஆறு வரிகளில் கைப்பட எழுதி எல்லோருக்கும் கொடுத்திருந்தார். என் 42 திரைகள் செய்யாத பணியை அந்த ஆறு வரிகள் செய்துகொண்டிருந்தன. அவர்களுக்குத் தேவைப்பட்டது ஒரு நினைவுக் குறிப்பு. நான் கொடுத்தது ஒரு நூல். அவர்களின் மேசையருகே ஒரு நாள் அமர்ந்திருந்தால் அது எனக்கு விளங்கியிருக்கும்.

கற்பவரின் அருகே அமர்தல்

ஆகவே, பாடம் அமைப்போர் செய்ய வேண்டிய இரண்டாவது செயல், கற்பவர் பணி செய்யும் இடத்திற்குச் சென்று பார்ப்பதாகும். இந்தக் கடைத்தெருவைப் பற்றித் தமிழில் கதைகள் எழுதிய ஆ. மாதவன் இங்கேயே கடை நடத்தியவர். அந்த மனிதர்களின் பேச்சும் பழக்கமும் அவருக்குக் கடையில் இருந்தே கிடைத்தன. கதைக்குத் தேவையான அந்தக் கவனம் பாடத்திற்கும் தேவை.

அங்கே என்ன காண்போம்? வியாபாரியின் ஒரு கையில் தராசு இருக்கும். மற்றொரு கை ஈரமாக இருக்கும். கைபேசியின் திரை சிறியது; கண்ணாடி விரிந்திருக்கவும் கூடும். மாலை ஐந்து மணிக்குமேல் ஒரே வேளையில் நான்கு பேர் பணம் கொடுப்பர். காணொளியை முழுவதும் பார்க்க அவருக்கு நேரம் கிடைப்பது பிற்பகலில் மட்டுமே. அவர் தமிழ் பேசுவார். படிப்பது மலையாளமாக இருக்கலாம். செயலியின் திரையோ ஆங்கிலத்தில் இருக்கும். சந்தை இரைச்சலில் ஒலி கேளாது. இவற்றுள் ஒவ்வொன்றும் பாடத்தின் உருவத்தைத் தீர்மானிக்கும் செய்தியாகும்.

இதற்குக் கேரளத்திலேயே நல்ல சான்று உண்டு. திருவனந்தபுரம் மாவட்டத்தைச் சேர்ந்த புல்லம்பாறை ஊராட்சி, தன் மக்கள் அனைவருக்கும் கைபேசிப் பயன்பாட்டைக் கற்பிக்க முனைந்து, 2022ஆம் ஆண்டில் முழு மின்னணு எழுத்தறிவு பெற்ற ஊராட்சியாக அறிவிக்கப்பட்டது. அங்கே தன்னார்வலர்கள், கற்பவர் வகுப்பறைக்கு வரட்டும் என்று காத்திருக்கவில்லை. வேலை உறுதித் திட்டப் பணிகள் நடந்த இடங்களுக்கே சென்று கற்பித்தார்கள். அம்முயற்சி ‘டிஜி கேரளா’ என்ற பெயரில் மாநிலம் முழுதும் விரிந்து, 2025 ஆகஸ்டு 21 அன்று கேரளம் முழு மின்னணு எழுத்தறிவு பெற்ற மாநிலமாக அறிவிக்கப்பட்டது. அங்குக் கற்பிக்கப்பட்டவை கணினியின் பகுதிகளின் பெயர்களல்ல; காணொளி வழியாகப் பேசுதல், மின்கட்டணம் செலுத்துதல் போன்ற, வீட்டில் அன்றே பயன்படும் செயல்கள்.

குறிக்கோளை எழுதுதல்

இனி வடிவமைப்பு. குறிக்கோள் எழுதும் முறையை 1962இல் மேகர் தெளிவுபடுத்தினார். ஒரு நல்ல குறிக்கோளில் மூன்று கூறுகள் இருக்கும். கற்பவர் செய்யும் செயல் ஒன்று. அச்செயலை எந்நிலைமையில் செய்வார் என்பது இரண்டு. எவ்வளவு சரியாகச் செய்ய வேண்டும் என்பது மூன்று.

‘யு.பி.ஐ. பாதுகாப்பைப் பற்றி அறிந்துகொள்வார்’ என்று எழுதுவது எளிது. ஆனால் அவர் அறிந்துகொண்டாரா என்பதை எவரும் காண முடியாது. அதற்கு மாறாக இவ்வாறு எழுதிப் பார்ப்போம்: ‘கூட்டமான மாலை நேரத்தில், தம் கைபேசியில், பிறர் உதவியின்றி, குறிப்பிட்ட தொகை தம் கணக்கில் சேர்ந்ததா இல்லையா என்பதை அரை நிமிடத்திற்குள் கண்டு சொல்வார், பத்து முறை சோதித்தால் பத்தும் சரியாக இருக்கும்.’ இவ்வாறு எழுதியவுடன் பாடத்தில் எது வேண்டும், எது வேண்டாம் என்பது தானே விளங்கிவிடுகிறது. யு.பி.ஐ. முறையின் வரலாறு இதற்குத் தேவையில்லை. அதனை நடத்தும் நிறுவனத்தின் அமைப்பும் தேவையில்லை.

நம் பாடத்திற்கு இத்தகைய குறிக்கோள்கள் நான்கு போதும். வாடிக்கையாளர் காட்டும் திரையை நம்பாமல் தம் கைபேசியில் பார்த்து உறுதி செய்தல் முதலாவது. பணம் பெறுவதற்கு இரகசிய எண் தேவையில்லை. அதனைக் கேட்டாலே அது பணம் போகும் வழி என்று உணர்ந்து நிறுத்துதல் இரண்டாவது. கடையில் ஒட்டியுள்ள கியூ.ஆர். அட்டையின் மேல் வேறொருவரின் அட்டை ஒட்டப்படவில்லை என்பதை நாள்தோறும் காலையில் சோதித்தல் மூன்றாவது. ஏமாந்துவிட்டால் காலம் தாழ்த்தாமல் 1930 என்னும் எண்ணுக்கும் வங்கிக்கும் தெரிவித்தல் நான்காவது.

தேர்வு முதலில், பாடம் பின்னர்

குறிக்கோள் எழுதியவுடன் பாடத்தை எழுதத் தோன்றும். அதனை அடக்கிக்கொண்டு, தேர்வை முதலில் எழுதுமாறு வேண்டுகிறேன். அவ்வாறு செய்தால், தேர்வில் கேட்கப்படாத பொருளைப் பாடத்தில் சேர்ப்பது குறையும்.

தேர்வும் குறிக்கோளோடு ஒத்திருக்க வேண்டும். ‘இரகசிய எண்ணில் எத்தனை இலக்கங்கள்?’ என்ற வினா எவரையும் ஏமாற்றிலிருந்து காப்பாற்றாது. அதைவிட ஒரு சூழ்நிலையைக் காட்டுவது நன்று. ‘ஒருவர் 340 ரூபாய்க்குப் பழம் வாங்கினார். பச்சைக் குறியிட்ட திரையைக் காட்டினார். உங்கள் கைபேசியில் செய்தி ஏதும் வரவில்லை. அவருக்கு வண்டிக்கு நேரமாகிறதாம். நீங்கள் என்ன செய்வீர்கள்?’ இவ்வினாவுக்கு விடையளிப்பவர் தம் கடையிலேயே நிற்கிறார். தவறான விடைகளும் உண்மையில் மனிதர் செய்யும் தவறுகளாக இருக்க வேண்டும். எவரும் தேர்ந்தெடுக்காத விடைகளால் பயனில்லை.

அளவும் வரிசையும்

அடுத்தது, ஒரே வேளையில் எவ்வளவு கற்பிக்கலாம் என்பது. மனித நினைவு ஒரே நேரத்தில் தாங்கக்கூடிய செய்திக் கூறுகள் ஏழு, அதனினும் இரண்டு கூடவோ குறையவோ இருக்கலாம் என்று 1956இல் ஜார்ஜ் மில்லர் எழுதினார். 2001இல் நெல்சன் கோவன் அது நான்களவே என்று குறைத்துக் காட்டினார். 1988இல் ஜான் சுவெல்லர், புதிதாகக் கற்பவரின் மனத்தின் மேல் ஏறும் சுமையைக் குறித்து ஆராய்ந்தார். துறையறிந்தவருக்கு ஒரே செய்தியாகத் தோன்றுவது புதியவருக்குப் பத்துச் செய்திகளாகத் தோன்றும். பாடம் அமைப்பவர் பெரும்பாலும் துறையறிந்தவர். எனவே சுமை அவர் கண்ணுக்குத் தெரிவதில்லை.

இதிலிருந்து பெறப்படும் நடைமுறை விதிகள் எளியவை. ஒரு பாடத் துண்டுக்கு ஒரு குறிக்கோள். நம் வியாபாரிக்கு நான்கு குறிக்கோள்கள். ஆகவே மூன்று நிமிட அளவிலான நான்கு துண்டுகள். ஒவ்வொன்றும் தனித்து நின்று பயன் தர வேண்டும். அதிகம் நிகழும் ஆபத்து முதலில் வரட்டும். ஒருவர் முதல் துண்டோடு நின்றுவிட்டாலும் மிக முக்கியமானதைப் பெற்றிருப்பார்.

படமும் ஒலியும் சேர்ந்த பாடங்களைப் பற்றி ரிச்சர்ட் மேயர் 2001இல் வெளியிட்ட நூல் இத்துறையில் அடிப்படையானது. பொருளோடு தொடர்பில்லாத இசையும் அலங்காரப் படமும் கற்றலைக் குறைக்கின்றன என்பது அவருடைய முடிவுகளுள் ஒன்று. படத்தை விளக்கும் குரல் ஒலிக்கும்போது அதே சொற்களைத் திரையிலும் நீளமாக எழுதிக் காட்டுவது பொதுவாக இடையூறே என்பதும் அவருடைய முடிவு. ஆயினும் செவித்திறன் குறைந்தவருக்கும், இரைச்சலான இடத்தில் இருப்பவருக்கும், பேசும் மொழியில் பழக்கம் குறைந்தவருக்கும் எழுத்து தேவை. எனவே எழுத்தை விரும்பியபோது தோன்றவும் மறையவும் செய்யும் வகையில் அமைப்பதே முறை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்திற்குப் பின், அரசுப் பாடங்களில் இதனைச் சலுகையாகக் கருத இயலாது. கடமையாகவே கருத வேண்டும்.

மணலில் எழுதிய விரல்

பாடத்தின் உயிர் பயிற்சியில் உள்ளது. இதற்கு நம் மண்ணிலிருந்தே ஓர் உதாரணம் தருகிறேன். சென்னை எழும்பூரில் 1789இல் இராணுவத்தாரின் பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் தரையில் அமர்ந்து மணலில் விரலால் எழுதுவதைக் கண்டார். அம்முறையையும், கற்ற மாணவன் கல்லாத மாணவனுக்குக் கற்பிக்கும் முறையையும் தம் பள்ளியில் கையாண்டார். 1797இல் இலண்டனில் அதைப் பற்றி நூல் வெளியிட்டார். சென்னை முறை என்ற பெயருடன் அது இங்கிலாந்துப் பள்ளிகளிலும் பரவியது.

மணலில் எழுதும் பிள்ளை வெறுமனே பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அது ஒவ்வொரு நொடியும் செய்கிறது. தவறினால் அருகிலிருப்பவர் உடனே திருத்துகிறார். தவறு கையால் தடவியவுடன் அழிந்துபோகிறது, அதனால் அச்சமில்லை. செய்தல், உடனடித் திருத்தம், அச்சமற்ற மறு முயற்சி ஆகிய இம்மூன்றும் இல்லாத மின்வழிப் பாடம், எவ்வளவு பொருட்செலவில் அமைந்தாலும், அந்த மணற் பரப்பினும் தாழ்ந்ததே.

இதனை அண்மைக் கால ஆராய்ச்சியும் உறுதி செய்கிறது. 2006இல் ரோடிகர், கார்ப்பிக்கி என்னும் இருவர் மாணவரிடையே நடத்திய சோதனையில், ஒரு பகுதியை மீண்டும் மீண்டும் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினர். ஆனால் ஒரு வாரம் கழித்து வைத்த தேர்வில், படித்ததை நினைவுகூர்ந்து எழுதிப் பார்த்தவர்களே முந்தினர். மீண்டும் படிப்பது அறிந்துவிட்டோம் என்ற உணர்வைத் தருகிறது. நினைவுகூர்வதே அறிவை நிலைநிறுத்துகிறது. எனவே ஒவ்வொரு துண்டின் முடிவிலும் ஒரு சூழ்நிலை வினா இருக்கட்டும். மூன்று நாள் கழித்து மற்றொன்று, பத்து நாள் கழித்து வேறொன்று குறுஞ்செய்தியாகச் செல்லட்டும்.

தவறான விடைக்கு நாம் தரும் மறுமொழியும் கவனத்திற்குரியது. ‘தவறு, மீண்டும் முயல்க’ என்பது மறுமொழியாகாது. ‘அவர் காட்டிய திரையை எவரும் போலியாகச் செய்யலாம். உங்கள் கைபேசியில் கணக்கு விவரத்தைத் திறந்து பாருங்கள்’ என்பதே மறுமொழி. தவறின் காரணத்தையும் அடுத்த செயலையும் அது சொல்லிவிடுகிறது.

முன்னோட்டமும் திருத்தமும்

பாடத்தை முழுவதும் உருவாக்கிய பின் சோதிப்பது வீண் செலவு. முதல் துண்டைத் தாளில் வரைந்து, நான்கைந்து வியாபாரிகளிடம் காட்டுங்கள். அவர்கள் செய்வதைப் பார்த்துக்கொண்டிருங்கள். இடையில் விளக்கம் சொல்லாதீர்கள். அவர்கள் தயங்கும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். விளக்கம் சொல்ல நம் நாக்குத் துடிக்கும் இடமே பாடம் குறையுள்ள இடம். திருத்தியபின் மீண்டும் வேறு சிலரிடம் காட்டுங்கள்.

பாடம் வெளிவந்த பின்னும் பணி முடிவதில்லை. ஒருவர் மற்றொருவரிடம் பணம் கேட்டு யு.பி.ஐ. வழியாகக் கோரிக்கை அனுப்பும் வசதி முன்னர் இருந்தது. ஏமாற்றுவோர் அதனைப் பெரிதும் பயன்படுத்தினர். 2025 அக்டோபர் முதல் அவ்வசதி நிறுத்தப்பட்டது. அதற்கு முன் அமைந்த பாடங்களில் அப்பகுதி இன்று பழையதாகிவிட்டது. ஏமாற்றும் முறைகளும் மாறிக்கொண்டிருக்கும். எனவே மாறக்கூடிய செய்திகளை நீண்ட காணொளியின் நடுவே புதைக்காமல், எளிதில் மாற்றத்தக்க தனித் துண்டாக வைப்பது முன்யோசனையாகும். பாடத்தை ஆறு திங்களுக்கு ஒருமுறை பார்த்துத் திருத்தும் பொறுப்பு எவருடையது என்பதை, பாடத்தை வெளியிடும் ஆணையிலேயே எழுதிவிடுவது அலுவலர்களின் கடமை.

எதனை எண்ணுகிறோம்?

இறுதியாக மதிப்பீடு. 1959இல் டொனால்டு கிர்க்பேட்ரிக் பயிற்சியின் பயனை நான்கு நிலைகளில் அளக்கச் சொன்னார். பயின்றவர் விரும்பினாரா? கற்றாரா? பணியிடத்தில் அவர் செயல் மாறியதா? அதனால் விளைவு மாறியதா? இவற்றுள் முதலிரண்டை அளப்பது எளிது. கடைசி இரண்டே பயன் தருவன.

நம் நாட்டில் இன்று மின்வழிப் பாடங்கள் பெருகியுள்ளன. இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களும் இந்திய அறிவியல் கழகமும் இணைந்து 2003இல் தொடங்கிய என்.பி.டெல். திட்டம் உண்டு. 2017 ஜூலையில் தொடங்கப்பட்ட சுவயம் தளம் உண்டு. காணொளி, படிக்கும் பகுதி, தற்சோதனை, கலந்துரையாடல் என்னும் நான்கு கூறுகளை அது ஒவ்வொரு பாடத்திற்கும் வகுத்துள்ளது. அரசு ஊழியர்களுக்கு, 2020 செப்டம்பரில் ஒப்புதல் பெற்ற கர்மயோகி இயக்கத்தின் கீழ் ஐகாட் தளம் உண்டு. இவை பெரும் வாய்ப்புகள். ஆனால் சான்றிதழ்களின் எண்ணிக்கையை மட்டும் கணக்கெடுத்தால், பாடத்தைத் திறந்து வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கும் பழக்கமே வளரும். நாம் எதனை எண்ணுகிறோமோ அதுவே பெருகும்.

நம் வியாபாரியின் பாடத்திற்கு எத்தனை பேர் அதனைத் திறந்தனர் என்பது கணக்காகாது. ஒரு மாதம் கழித்துக் கடைத்தெருவில் சென்று பாருங்கள். வாடிக்கையாளர் கைபேசியை நீட்டும்போது, அவர் அதனைப் பார்த்துத் தலையசைக்கிறாரா, அன்றித் தம் கைபேசியைப் பார்க்கிறாரா? காலையில் கியூ.ஆர். அட்டையைத் தொட்டுப் பார்க்கிறாரா? 1930 என்ற எண் அவர் நினைவில் உள்ளதா? இதுவே மதிப்பீடு. இதற்குக் கணினி தேவையில்லை. கால் மணி நேர நடைதான் தேவை.

நிறைவாக

நண்பர்களே, சொன்னவற்றைத் தொகுத்துக் கூறுகிறேன். பாடம் தேவைதானா என்று கேளுங்கள். கற்பவரின் அருகே சென்று அமருங்கள். அவர் செய்ய வேண்டிய செயலைக் கண்ணால் காணத்தக்க குறிக்கோளாக எழுதுங்கள். தேர்வைப் பாடத்திற்கு முன் எழுதுங்கள். ஒரு துண்டுக்கு ஒரு குறிக்கோள் என்று சுமையைக் குறையுங்கள். செய்து பார்க்கவும் அச்சமின்றித் தவறவும் இடம் கொடுங்கள். சிலரிடம் காட்டித் திருத்துங்கள். பணியிடத்தில் சென்று பயனை அளவிடுங்கள். கருவி எதுவாயினும் இவ்வரிசை மாறாது.

இங்குள்ள மாணவர்கள் நாளை பெரிய நிறுவனங்களுக்குப் பாடம் அமைக்கலாம். அலுவலர்கள் லட்சக்கணக்கானோருக்கான பாடத்திற்கு ஒப்புதல் தரலாம். அந்த ஒப்புதலுக்குக் கையெழுத்திடும் முன், இந்தக் கூட்டம் முடிந்து வெளியே செல்லும்போது நீங்கள் காணப்போகும் பூக்காரரை ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள். அன்றாடம் ஈட்டும் சில நூறு ரூபாயை இழந்தால் மறுநாள் கொள்முதலுக்கு அவருக்கு வழியில்லை. அவருக்குப் பயன்படும் பாடத்தை அமைக்கத் தெரிந்தவர் எவருக்கும் பாடம் அமைக்கலாம்.